பொனட்டுக்குள் ‘டிக் டிக்’ சத்தம்: எஞ்சினைப் பிரிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2008 ஹைலக்ஸ் டபுள் கெப், 2கேடி டீசல் எஞ்சின். கரையில் இருந்து மீன் பெட்டிகளை ஏற்றித் திருகோணமலை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற வண்டி. சில வாரங்களாகப் பொனட்டுக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறதாம். சாவியைத் திருப்பினால் கேட்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பலமாகக் கேட்கிறது, சூடேறினால் குறைகிறது. நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கேட்கிறது. ஒரு கராஜில் டெப்பட், அதாவது வால்வு இடைவெளி, என்றார்கள், இன்னொன்றில் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இஞ்செக்டரையும் மாற்றச் சொன்னார்கள், மூன்றாவது இடத்தில் எஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். யாரை நம்புவது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, இப்போதைக்கு எதையும் கழற்றக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அது ஒரு சத்தம் போலத் தெரியவில்லை; மூன்று சத்தங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். எஞ்சின் ஓடும் முன்பே கேட்பது டெப்பட்டில் இருந்தோ இஞ்செக்டரில் இருந்தோ வருகிற ஓட்டச் சத்தமாக இருக்க முடியாது, அப்போது உள்ளே எதுவும் சுழலவில்லை. நின்ற பிறகு கேட்பதும் அப்படித்தான். ஆகவே மூன்று கராஜும் பேசியது நடுவில் இருக்கிற ஒரே ஒரு சத்தத்தைப் பற்றி, அதாவது காலையில் எஞ்சின் குளிராக ஓடும்போது வருவதைப் பற்றி. மற்ற இரண்டையும் முதலில் பிரித்து ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

சாவி திருப்பும்போது வருவதைப் பார்ப்போம். சாவி ‘ஒன்’ நிலைக்கு வந்ததும், சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக்கின் ரிலே (மின் சுவிட்ச்) ‘டக்’ என்று மூடும். மீட்டரில் சுருள் மாதிரி தெரியும் விளக்கு அணைந்த பிறகு, சில நேரம் எஞ்சின் ஓடத் தொடங்கிக் கொஞ்சம் கழித்து, அதே ரிலே இன்னொரு ‘டக்’ போட்டுத் திறக்கும். குளிர் எஞ்சின் வெள்ளைப் புகை தள்ளாமல் ஓட, பிளக்கைச் சிறிது நேரம் சூடாகவே வைத்திருக்கிறது கம்பியூட்டர். நம் ஊரில் விடியற்காலையில்கூடப் பெரிய குளிர் இல்லை என்பதால் இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும், ஆனாலும் சத்தம் கேட்கும். இது பழுதில்லை. பழைய வண்டிகளில், அதாவது 3எல் எஞ்சின் ஹைலக்ஸ், 4டி56 எஞ்சின் எல்200 மாதிரி மெக்கானிக்கல் பம்ப் உள்ளவற்றில், பம்பில் இருக்கும் கட்-ஓஃப் சொலெனாய்டும் சாவி திருப்பியதும் ஒரு ‘டிக்’ தரும். அங்கே சத்தம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், டீசல் உள்ளே போக வழி திறக்கவில்லை என்று அர்த்தம்.

ஒற்றை ‘டக்’ இல்லாமல், செல்ஃப் அடிக்கும்போது ‘டக டக டக டக’ என்று வேகமாக அடித்தால் கதை வேறு. செல்ஃப் மோட்டாரின் சொலெனாய்டு மூடுகிறது, மோட்டார் கரண்டை இழுத்ததும் பற்றரியின் வோல்ட் விழுந்துவிடுகிறது, பிடித்து வைக்கப் பலம் இல்லாமல் சொலெனாய்டு திறக்கிறது, வோல்ட் திரும்ப ஏறுகிறது, மறுபடி மூடுகிறது. பலவீனமான பற்றரி அல்லது சரியாகத் தொடாத இணைப்பு இதற்குக் காரணம். வோல்ட்மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும் நேரம் 10 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினால் பற்றரியைச் சந்தேகப்படுங்கள். பற்றரி நன்றாக இருந்தும் அடித்தால் எர்த் வயரைப் பாருங்கள். வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பற்றரி நெகடிவ்விலும் மறு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ அதன் நட்டிலோ கரண்ட் தடைப்படுகிறது.

மீன் ஏற்றுகிற உங்களுடைய வண்டிக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன். பெட்டியில் இருந்து வடியும் உப்புத் தண்ணீர், படகு இழுக்கக் கடற்கரை மணலுக்குள் இறக்குவது, கரையோர வீட்டின் ஈரக்காற்று எல்லாம் சேர்ந்து செப்பு வயரைப் பச்சையாக்கிவிடும். வெளியே றப்பர் நன்றாக இருக்கும், உள்ளே வயர் பொடியாகியிருக்கும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வண்டிகளில் எர்த் ஸ்ட்ராப்பை வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, பூட்டிய பிறகு கிரீஸ் பூசுவது நல்லது. செல்ஃப் அடித்தால் ஒரே ஒரு கனமான ‘டொக்’ மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாமல், இரண்டு மூன்று தரம் முயன்றால் சுற்றுகிறது என்றால், சொலெனாய்டுக்குள் இருக்கும் செப்புத் தகடுகள் தேய்ந்திருக்கும். டொயோட்டா வண்டிகளில் இது அடிக்கடி காணும் விஷயம். அந்தத் தகடுகள் தனியாகக் கிடைக்கும், முழு மோட்டாரையும் வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு மின் சத்தம் ஏசி கம்ப்ரசரின் கிளட்ச். எஞ்சின் ஓடும்போது சில செக்கனுக்கு ஒரு தடவை ‘டிக்’, பிறகு மௌனம், மறுபடி ‘டிக்’ என்றால் ஏசியை நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் கதை முடிந்தது. இடைவெளி மிகவும் குறுகியதாக இருந்தால் காஸ் குறைந்திருக்கும்.

இப்போது நிறுத்திய பிறகு வருவது. எக்ஸோஸ்ட் மேனிபோல்ட் (எஞ்சினில் இருந்து புகையை வெளியே எடுக்கும் இரும்புக் குழாய்த் தொகுதி), டர்போ, அவற்றை மூடியிருக்கும் வெப்பத் தகடு எல்லாம் நல்ல சூட்டில் இருந்து குளிரும்போது சுருங்கி ‘டிக்... டிக்’ என்று சொடுக்கும். அடையாளம் மிக எளிது: நேரம் போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போகும், பிறகு தானாக நிற்கும். அதற்கு மாறாகச் சாவியை எடுத்த பிறகும் ஒரே சீராக நெடுநேரம் அடித்தால் ஏதோ ஒரு ரிலேக்கு மின் போய்க்கொண்டிருக்கிறது. பியூஸ் பெட்டியில் விரலை வைத்தால் எந்த ரிலே துடிக்கிறது என்று தெரியும். எலி கடித்த வயரா என்றும் பாருங்கள். வலையும் மீன் வாடையும் உள்ள வளவில் நிற்கும் வண்டிக்குள் எலி குடியிருக்கச் சொல்லியா தர வேண்டும்?

சரி, காலைச் சத்தத்துக்கு வருவோம். இதுதான் முக்கியம்.

ஒரு சத்தத்தின் இடத்தைக் காது ஏமாற்றும். அதன் தாளம் ஏமாற்றாது. டீசல் எஞ்சின் ஐடிலில், அதாவது எக்ஸ்லேட்டர் மிதிக்காமல், நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டரை தரம் சுற்றுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் அதில் பாதி, செக்கனுக்கு ஆறு தரத்தைக் கொஞ்சம் தாண்டும். ஒரு சிலிண்டர் வெடிப்பதும், ஒரு வால்வு திறப்பதும், ஒரு இஞ்செக்டர் பீச்சுவதும் இந்தப் பாதி வேகத்தில்தான். ஆகவே ‘டிக்’ செக்கனுக்கு ஆறு என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் மட்டும் பிரச்சினை. பன்னிரண்டு என்றால் கிராங்குடன் சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. நான்கு சிலிண்டரும் சேர்ந்து அடித்தால் செக்கனுக்கு இருபத்தைந்து; அதைத் தனித்தனி ‘டிக்’ ஆகக் கேட்க முடியாது, ஒரு ‘கர்ர்’ ஆகக் கேட்கும். அல்டர்னேட்டர் இன்னும் வேகமாகச் சுற்றும். எஞ்சின் வேகத்தோடு ஒத்தே போகாமல் தன்பாட்டில் அடித்தால் அது மின் சத்தம் அல்லது எங்கோ ஆடுகிற தகடு.

செக்கனுக்கு ஆறை யார் எண்ணுவது என்று கேட்பீர்கள். உங்கள் போன் எண்ணும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பொனட்டைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். அப்புறம் அதைக் கால் வேகத்தில் ஓட விடுங்கள். ஆறு என்பது ஒன்றரையாகிவிடும், பன்னிரண்டு என்பது மூன்றாகிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விரலால் மேசையில் தட்டி எண்ணலாம். அந்த வீடியோவைக் கராஜுக்கும் எடுத்துப் போங்கள். நிலாவெளியில் இருந்து திருகோணமலை அனுராதபுரச் சந்திக்கு ஓட்டி வருவதற்குள் எஞ்சின் முழுச் சூடாகிவிடும். காலையில் வந்த சத்தம் மெக்கானிக்குக் கேட்கவே கேட்காது. கேட்காத சத்தத்துக்குச் சொல்லப்படும் காரணம் ஊகமாகத்தான் இருக்கும். முடிந்தால் முதல் நாள் மாலை வண்டியைக் கராஜில் விட்டுவிட்டு, காலையில் அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

தாளம் தெரிந்த பிறகுதான் இடம் தேட வேண்டும். இதற்கு இரண்டு சாமான் போதும்: ஒரு நீண்ட கம்பி அல்லது மரத்தடி, ஒரு முழம் இரண்டு முழம் றப்பர் ஹொஸ். கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறு முனையைக் காதோரம் பிடித்தால் உலோகத்துக்குள் ஓடும் தட்டல் கேட்கும். ஹொஸ்ஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைக் காற்றில் நகர்த்தினால் காற்று கசியும் சத்தம் மட்டும் கேட்கும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பியில் பலமாகவும் ஹொஸ்ஸில் மெதுவாகவும் கேட்டால் ஏதோ ஒன்று மோதுகிறது. ஹொஸ்ஸில் பலமாகவும் கம்பியில் மெதுவாகவும் கேட்டால் ஏதோ ஒன்று கசிகிறது. டெப்பட்டா கசிவா என்று கராஜுக்குக் கராஜ் நடக்கிற வாதம் இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: சாரத்தோடு இதைச் செய்யாதீர்கள். ஃபேனும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சங்கிலியைக் கழற்றுங்கள், கம்பியை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

டீசல் எஞ்சின் குளிரில் கொஞ்சம் பலமாகத்தான் அடிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சிலிண்டர் குளிராக இருந்தால் பீச்சிய டீசல் பற்ற ஒரு கணம் தாமதிக்கிறது, பிறகு ஒரேயடியாகப் பற்றுகிறது, அதனால் தட்டல். அது நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் தேடுவது அதற்கு மேலே தனியாகத் தெரிகிற ஒரு ‘டிக்’.

உங்கள் விவரத்துக்கு, அதாவது குளிரில் பலம், சூட்டில் குறைவு என்பதற்கு, நன்றாகப் பொருந்துபவை இரண்டு. முதலாவது எக்ஸோஸ்ட் மேனிபோல்ட் காஸ்கட் கசிவு அல்லது உடைந்த மேனிபோல்ட் ஸ்டட். குளிரில் இடைவெளி திறந்திருக்கும், ஒவ்வொரு வெடிப்புக்கும் புகை அதன் வழியாக ‘டிக்’ என்று பீறிடும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி மூடிவிடும், சத்தமும் போய்விடும். கேட்பவர்கள் பெரும்பாலும் இதை டெப்பட் என்றே சொல்வார்கள், தாளம் ஒன்றுதான் என்பதால். பார்க்கும் விதம்: எஞ்சின் குளிராக இருக்கும்போது டர்போ இருக்கும் பக்கம் ஒரு டோர்ச் அடித்து, மேனிபோல்ட்டும் ஹெட்டும் சேரும் கோட்டில் கரிக்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டட் எல்லாம் தலையோடு இருக்கிறதா என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஓரத்தில் இருப்பவைதான் உடையும். பிறகு ஸ்டார்ட் செய்து, எரிகிற ஊதுபத்தி ஒன்றை அந்தக் கோட்டின் ஓரமாகக் கொண்டுபோங்கள். டீசல் கசிவோ ஈரமோ அந்தப் பக்கம் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே இதைச் செய்யுங்கள். கசியும் இடத்தில் புகை துள்ளும். இன்னொருவரை வைத்து, தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு சில செக்கன் மட்டும் அடைக்கச் சொன்னால், கசிவு இருந்தால் சத்தம் உடனே கூடும். துணியால் அடைத்ததும் கூடுகிற ‘டிக்’ டெப்பட்டாக இருக்கவே முடியாது.

இரண்டாவது இஞ்செக்டர் வாஷர் கசிவு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் எஞ்சினில் இது உயிர்ப் பிரச்சினை. 2கேடி, அதன் அண்ணன் 1கேடி இரண்டிலும் இஞ்செக்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன வாஷர் இருக்கிறது. அது தளர்ந்தாலோ கரி பிடித்துச் சரியாக உட்காராவிட்டாலோ, சிலிண்டரின் வெடிப்பு வாயு இஞ்செக்டரின் பக்கத்தால் மேலே வரும். பல எஞ்சின்களில் இப்படி வருவது வெளியே கரியாகத் தெரியும், நாமும் கண்டுபிடித்துவிடுவோம். இந்த எஞ்சின்களில் இஞ்செக்டரின் அடிப்பகுதி ரொக்கர் கவருக்குள் (எஞ்சினின் மேல் மூடிக்குள்) இருப்பதால் வாயு நேராக ஒயிலுக்குள் போகிறது. வெளியே எதுவும் தெரியாது. உள்ளே ஒயில் தார் மாதிரித் தடித்து, கரித்துண்டுகள் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கி, ஒயில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையை அடைக்கும். வலை அடைத்தால் ஒயில் அழுத்தம் விழும். முதலில் டர்போ போகும், அப்புறம் கிராங்க் பெயரிங் போகும். உலகம் முழுக்க ஹைலக்ஸ், பிராடோ வைத்திருப்பவர்கள் இதனால் முழு எஞ்சினையே இழந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அது பலருக்குத் தந்த அறிகுறி காலையில் ஒரு ‘டிக் டிக்’.

இதைச் சோதிக்க எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். இலேசாக மூச்சு விடுவது சாதாரணம். மூடி தாளத்தோடு துள்ளினால், புகை ‘புஸ் புஸ்’ என்று வந்தால், சிலிண்டர் வாயு உள்ளே போகிறது. மூடியின் அடிப்புறத்தையும் பாருங்கள். டீசல் எஞ்சின் ஒயில் கறுப்பாகத்தான் இருக்கும், மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். விரலில் தேய்த்தால் மண் மாதிரி நறநறவென்று இருப்பதும், மூடியில் றப்பர் மாதிரிக் கரி ஒட்டியிருப்பதும்தான் அபாயம். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் மூடி துள்ளும். ஆனால் ரிங் என்றால் ஒயில் குறையும், நீலப் புகை வரும், ஏற்றத்தில் பலம் இருக்காது. கரிக்கட்டியும் இந்த அளவுக்குச் சேராது.

இன்னொரு அறிகுறி ஒயில் விளக்கு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஒயில் விளக்கு எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு செக்கனில் அணைய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், அல்லது நன்றாகச் சூடான எஞ்சின் ஐடிலில் மினுக்கினால், ஒயில் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சம்ப்பை இறக்கி அந்த வலையைப் பார்க்க வேண்டும்.

வாஷர் கசிவு என்று உறுதியானால் நான்கு இஞ்செக்டரின் வாஷரையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்று கசிந்தால் மற்றவையும் அதே வயதுதான், அதே கைதான் பூட்டியது. கழற்றிய பழைய வாஷரைத் திரும்பப் போடவே கூடாது. உட்காரும் இடத்தை அதற்கான கட்டரால் துப்புரவு செய்ய வேண்டும்; தேங்கிய கரி மேல் புது வாஷர் வைத்தால் சில மாதத்தில் மறுபடி கசியும். கிளாம்ப் போல்ட்டைக் கைப்பதமாக முறுக்காமல் டோர்க் ஸ்பானரால் முறுக்கச் சொல்லுங்கள். சம்ப்பையும் அதே சமயத்தில் இறக்கி வலையைக் கழுவினால், ஒயிலையும் ஃபில்டரையும் எப்படியும் மாற்றத்தானே வேண்டும், ஒரே கூலியில் முடியும். இந்த எஞ்சினுக்கு ஒயில் சுமார் 7 லீட்டர் போகும்.

நான்கு இஞ்செக்டரையும் மாற்றச் சொன்னவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இஞ்செக்ஷன் ஃபீட்பேக் அளவு எவ்வளவு காட்டியது? ஐடிலில் நான்கு சிலிண்டரும் சமமாக ஓட எஞ்சின் கம்பியூட்டர் ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும். எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்பதுதான் அந்த எண். பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றால் இஞ்செக்டர் நல்லது. 3-ஐத் தாண்டி மேலேயோ கீழேயோ போனால் அந்த ஒன்றைச் சந்தேகிக்கலாம். எண்ணே பார்க்காமல் நான்கையும் மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், விலை அப்படி. ஒருவேளை மாற்ற வேண்டி வந்தாலும், ஒவ்வொரு இஞ்செக்டரின் தலையிலும் 30 எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அதைக் கம்பியூட்டருக்குள் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் புது இஞ்செக்டரும் சத்தம் போடும், புகையும் தள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பம்ப் எஞ்சின்களில் இஞ்செக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக இலேசாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் சத்தம் மாறுகிறது என்று பார்ப்பது மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்யும் சோதனை. 3எல், மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய 4டி56 எல்லாம் அப்படிப் பார்க்கலாம், நல்ல சோதனையும்கூட. உங்கள் எஞ்சின் கொமன் ரெயில், அதாவது உயர் அழுத்த டீசல் ஒரே பொதுக் குழாயில் இருந்து எல்லா இஞ்செக்டருக்கும் போகிறது. அந்தப் பைப்புக்குள் அழுத்தம் 1,300 பாரையும் தாண்டிப் போகும். உங்கள் டயரில் இருப்பது 2 பாரை ஒட்டித்தான். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத டீசல் ஊசி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் விரலையே, கையையே இழக்க வைக்கும் காயம் அது. யாருக்காவது அப்படி நடந்தால் கழுவிவிட்டு இருக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அழுத்தத்தில் டீசல் உள்ளே போனது என்று சொல்ல வேண்டும். ஓடும் எஞ்சினில் இஞ்செக்டர் வயர் சொக்கெட்டைக் கழற்றுவதும் வேண்டாம், அங்கே பற்றரியை விட மிக உயர்ந்த வோல்ட் போகிறது.

டெப்பட் என்றவர்களும் முழுக்கத் தவறு சொல்லியிருக்க வேண்டியதில்லை. வால்வு இடைவெளி கூடினால் இலேசான, ஒரே சீரான ‘டிக்’ வரும். ஆனால் அது சூடேறியதும் இவ்வளவு தெளிவாக மறையாது, கம்பியை ரொக்கர் கவரில் வைத்தால் பளிச்சென்று கேட்கும். இந்த எஞ்சினுக்குக் குளிரில் இன்லெட் 0.20 முதல் 0.30 மி.மீ., எக்ஸோஸ்ட் 0.35 முதல் 0.45 மி.மீ. 4டி56 மாதிரி எஞ்சினில் ஸ்க்ரூவைத் திருப்பி அரை நாளில் சரிசெய்யலாம். 2கேடியில் அளந்து, கணக்குப் போட்டு, பாகம் மாற்றிச் சரிசெய்யும் வேலை, அளக்காமல் தொடக்கூடாது. சத்தம் கேட்க நல்லாயிருக்கட்டும் என்று இடைவெளியைக் குறைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். சத்தம் போடுகிற வால்வு வண்டியை ஓட்டும், இறுக்கமாக வைத்த வால்வு சத்தமே போடாமல் எரியும்.

பெல்ட் பக்கச் சத்தத்தைப் பிரிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி, வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்பும் நின்றிருக்கும், அதனால் நேரத்தை நீட்ட வேண்டாம். சத்தம் இல்லையென்றால் அல்டர்னேட்டர், ஐட்லர், ஃபேன் இவற்றில் ஒன்று. பெல்ட் கழன்றிருக்கும்போதே பெல்ட் ஓடும் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றினால் பழுதான பெயரிங் கரகரக்கும். கச்சான் காற்றுக் காலத்துப் புழுதியும் அதற்கு முந்தின மாரியின் ஈரமும் இந்தப் பெயரிங்குகளைச் சீக்கிரம் தின்றுவிடும். பெல்ட் வரியில் சிக்கிய ஒரு சிறு கல்கூட ‘டிக் டிக்’ தரும். பழைய 3எல், 4டி56 வைத்திருப்பவர்கள் அல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வெக்கியும் பம்பையும் பாருங்கள். அதன் தகடுகள் தேய்ந்து தட்டும்போது பிரேக் பெடலும் கல்லாகத் தொடங்கும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

முன்பக்கக் கவருக்குள் இருந்து துணி படபடக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் மட்டும் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட்டின் ஓரம் பிய்ந்து கவரில் அடிக்கும்போது அப்படி வரும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் பேச ஒன்றுமில்லை. இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 4டி56-இல் பக்கத்தில் ஓடும் சிறிய பெலன்ஸ் பெல்ட் அறுந்தாலும் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதே அழிவைச் செய்யும்.

எஞ்சினை இறக்கச் சொன்ன மூன்றாவது ஆளுக்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்க முடியும்: பெயரிங் தட்டல். அது ‘டிக்’ என்று கேட்காது. கீழே இருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வரும், குளிரை விடச் சூட்டில் கூடும், பாரம் ஏற்றினால் இன்னும் கூடும். நீங்கள் சொன்னது நேர் எதிர். சந்தேகம் தீர வேண்டுமானால் ஒயில் விளக்கு சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பூட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

ஆகவே நாளைக் காலை வீடியோ, ஹொஸ், ஊதுபத்தி, ஒயில் மூடி. இந்த நான்கும் காசில்லாத வேலை, ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கரிக்கோடு தெரிந்தால் மேனிபோல்ட் காஸ்கட். உப்பில் துருப்பிடித்த ஸ்டட் கழற்றும்போது உடையும், ஆகவே முதல் நாளே துரு இளக்கும் ஒயில் அடித்து வைக்கச் சொல்லுங்கள், புது ஸ்டட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேனிபோல்ட் கசிவோடு சில வாரம் மார்க்கெட்டுக்கு ஓடலாம், ஆனால் புகை ஏசி வழியாக உள்ளே வருகிறதா என்று கவனியுங்கள். மூடி துள்ளினால் வாஷரும் வலையும். அதைப் பார்த்து முடிக்கும்வரை மூதூருக்கோ கந்தளாய்க்கோ பாரம் ஏற்றிப் போக வேண்டாம். சிவப்பு ஒயில் விளக்கு ஒரு தடவை மினுக்கினாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, வேறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.